கோதை: ஒரு பெண் பெயரின் வேரைத் தேடும் முறை

மகளுக்குப் பெயர் தேடுகிறவர்கள் இன்று முதலில் திறப்பது கைபேசியில் கிடைக்கும் பெயர்ப் பட்டியலைத்தான். அங்கே 'கோதை' என்று தேடினால் 'ஆண்டாளின் பெயர்' என்று ஒரு வரி வரும். அது தவறில்லை. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பூமாலை, ஒரு சேர மன்னன், திருவல்லிக்கேணியில் வாழ்ந்த ஒரு நாவலாசிரியை எல்லோரும் இருக்கிறார்கள் என்பதை அந்த வரி சொல்லாது. ஒரு பெயரின் பொருளைச் சொல்லவேண்டியது பட்டியல் அல்ல, அந்தச் சொல் வருகிற பாட்டு. அதைத் தேடிப்போகும் வழியைக் கோதையை வைத்தே பார்ப்போம். வேறு எந்தத் தமிழ்ப் பெயருக்கும் இதே வழி பொருந்தும்.

முதல் வேலை, பெயரைத் தமிழில் சரியாக எழுதுவது. கேட்க எளிதாக இருந்தாலும் பாதிப் பிழை இங்கேதான் நடக்கிறது. ஆங்கில எழுத்தில் இருக்கும் பெயரைத் தமிழுக்குத் திருப்பும்போது கோதை, கோடை, கொடை மூன்றும் ஒன்றாகிவிடும். கோடை வெயில்காலம், கொடை ஈகை. இரண்டுக்கும் கோதையோடு எந்த உறவும் இல்லை. கோதண்டராமன் என்ற பெயரிலுள்ள 'கோதண்டம்' வில்லைக் குறிக்கும் வடசொல், அதுவும் வேறு. ஒரு தாளில் நெடிலா குறிலா, 'த'வா 'ட'வா என்று எழுதிவைத்துக்கொண்டு, குழப்பம் தரும் பக்கத்துச் சொற்களையும் அதன் கீழே குறித்துவிடுங்கள். பிறகு அகராதியில் தவறான பக்கத்தில் நிற்க மாட்டீர்கள்.

அடுத்தது அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் அதன் அநுபந்தம் வந்தது. அச்சுப் பிரதியை எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ பார்க்கலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் முழுவதும் இலவசமாகவே இருக்கிறது.

லெக்சிகனைப் படிக்க ஒரு முறை உண்டு. பொருள்கள் எண் போட்டு அடுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான பொருள்களுக்குப் பின்னால் அது வரும் நூலின் சுருக்கப் பெயரும் பாட்டு எண்ணும் அடைப்புக்குள் இருக்கும். நம் வேலைக்கு முக்கியம் பொருள் அல்ல, அந்த அடைப்புக்குறிதான். நூல் பெயரையும் எண்ணையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே எழுத்தில் இரண்டு தனிச்சொற்கள் இருந்தால் தலைச்சொல்லின் தோளில் சின்ன எண் இருக்கும்; அதைக் கவனிக்காமல் இரண்டு சொற்களின் பொருளையும் கலந்துவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு.

கோதைக்கு அடிப்படைப் பொருள் பூமாலை. கோத்தல் என்ற வினையோடு இது ஒட்டி நிற்கிறது: பூவைக் கோத்தால் கோதை. (பேச்சில் 'கோர்த்தல்' என்கிறோம், எழுத்தில் 'கோத்தல்'தான் சரி.) மாலையிலிருந்து பெண்ணுக்குப் பொருள் எப்படி வந்தது என்பதற்கு இலக்கணத்திலேயே விடை இருக்கிறது. 'பூங்கோதை வந்தாள்' என்றால் பூமாலை வந்தது என்று யாரும் கொள்வதில்லை, பூமாலை சூடியவள் வந்தாள் என்றே கொள்கிறோம். இது அன்மொழித்தொகை. 'பொற்றொடி' பொன்வளை அணிந்தவள் ஆனதும் இப்படித்தான். நாளடைவில் முன்னால் இருந்த 'பூ' போய், கோதை என்றாலே பெண் என்று ஆகிவிட்டது.

இனி பாட்டுக்குப் போகவேண்டும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். புறநானூற்றின் 48ஆம் பாட்டு, பொய்கையார் பாடியது:

கோதை மார்பிற் கோதை யானும்
கோதையைப் புணர்ந்தோர் கோதை யானும்
மாக்கழி மலர்ந்த நெய்த லானும்
கள்நா றும்மே கானலந் தொண்டி

நான்கு வரிக்குள் 'கோதை' நான்கு முறை வருகிறது. முதல் வரியில் முதலில் வருவது சேரமான் கோக்கோதை மார்பன் என்ற அரசன், அடுத்தது அவன் மார்பில் கிடக்கும் மாலை. இரண்டாம் வரியில் மீண்டும் அந்த அரசன், பிறகு அவனைத் தழுவிய மகளிர் சூடிய மாலை. இந்த மாலைகளாலும் கழியில் மலர்ந்த நெய்தலாலும் தொண்டிப் பட்டினமே தேன் மணக்கிறது என்கிறார் புலவர். ஒரே சொல்லை மாலைக்கும் ஆளுக்கும் மாற்றி மாற்றி வைத்து, கேட்பவர் பிரித்து உணரும்படி செய்திருக்கிறார். எந்தப் பெயர்ப் பட்டியலிலும் இந்த இன்பம் கிடைக்காது.

உரையில்லாமல் இதைப் படிக்க முயலவேண்டாம். உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை 1894இல் பழைய உரையோடு பதிப்பித்தார். அந்தப் பழைய உரை 266ஆம் பாட்டு வரை கிடைக்கிறது, அதனால் 48ஆம் பாட்டுக்கு உரை உண்டு. சங்க நூல்களின் மூலமும் உரையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இருக்கின்றன. பெசன்ட் நகரில் சாமிநாதையர் பெயரிலேயே இருக்கும் நூலகத்துக்கும் போகலாம். எங்கே போவதானாலும் பார்வையாளர் நேரத்தை முன்கூட்டிக் கேட்டு, ஓர் அடையாள அட்டையையும் பென்சிலையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஆக, கோதை முதலில் பெண்ணுக்கு மட்டும் உரிய பெயராக இருக்கவில்லை. சேரர்களிடையே அது ஆண் பெயர். புறநானூறு 54 சேரமான் குட்டுவன் கோதையைப் பாடுகிறது. கரூரில் கிடைத்த பழைய வெள்ளிக் காசுகளில் 'மாக்கோதை' என்று தமிழ் பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறது, கூடவே ஒரு தலை உருவமும் இருக்கிறது. தன் மனைவி இறந்தபோது, அவளை எரித்த தீயைக் கண்டபின்னும் தன் உயிர் போகவில்லையே என்று புறநானூறு 245இல் கலங்கிப் பாடிய சேரமானின் பெயரும் மாக்கோதைதான். காசில் இருப்பவரும் பாட்டில் அழுபவரும் ஒருவரேதான் என்று எழுதிவிட ஆசை வரும். எழுதாதீர்கள். பெயர் ஒன்றாக இருப்பது ஆள் ஒன்று என்பதற்குச் சான்றாகாது. ஊர், காலம், தந்தை பெயர் இவற்றில் ஏதாவது ஒன்றாவது தனியாகப் பொருந்தவேண்டும். பெயர் வரலாறு எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

ஊர்ப் பெயர்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கொடுங்கல்லூருக்கு மகோதை என்றொரு பெயர் உண்டு. சுந்தரர் தேவாரம் 'மகோதை'யில் உள்ள அஞ்சைக்களத்தப்பனைப் பாடுகிறது. ஆள் பெயரைத் தேடும்போது ஊர்ப் பெயர் வந்து மாட்டினால் அதைத் தனிப் பட்டியலில் போடுங்கள்.

இப்போது ஆண்டாளுக்கு வருவோம். பெரும்பாலான ஆய்வாளர்கள் அவரை 8, 9ஆம் நூற்றாண்டுகளில் வைக்கிறார்கள். திருப்பாவை 30 பாட்டு, நாச்சியார் திருமொழி 143 பாட்டு. பதிகத்தின் கடைசிப் பாட்டில் பாடியவர் பெயரைச் சொல்வது மரபு என்பதால் ஆண்டாளின் பெயரை அங்கேதான் தேடவேண்டும். திருப்பாவையின் 30ஆம் பாட்டில் 'பட்டர்பிரான் கோதை சொன்ன சங்கத் தமிழ்மாலை முப்பதும்' என்று வருகிறது. பட்டர்பிரான் என்பது அவர் தந்தையான பெரியாழ்வார். தன் பாடல்களில் அவர் தன்னைக் கோதை என்றே சொல்லிக்கொள்கிறார். 'ஆண்டாள்' என்று அழைப்பது மற்றவர்கள். திருப்பாவைக்கு முன் நாம் சொல்லும் உய்யக்கொண்டாரின் தனியனில், அதாவது வணக்கப் பாட்டில், 'அன்னவயல் புதுவை ஆண்டாள்' என்று இருக்கிறது; இங்கே புதுவை என்பது ஸ்ரீவில்லிபுத்தூர்.

அந்த 30ஆம் பாட்டு வரியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மாலை என்று பொருள்படும் பெயர் உடையவள், தான் பாடியதையும் 'தமிழ்மாலை' என்கிறாள். பெருமாளுக்கு உரிய மாலையைச் சூடிக் கொடுத்தவள் என்பது அவள் வரலாறு. பெயரும் பாட்டும் வரலாறும் ஒரே நாரில் கோத்தவை. ஆனால் குறிப்பு எழுதும்போது இதைத் தலைகீழாக்கிவிடக் கூடாது. 'மாலை சூடிக் கொடுத்ததால் கோதை என்ற சொல் உண்டாயிற்று' என்று சில இடங்களில் காணலாம். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே புறநானூற்றில் இருக்கும் சொல் அது.

'கோதா' என்ற வடிவத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் 29 சுலோகங்களில் வடமொழியில் செய்த துதி கோதா ஸ்துதி. தெலுங்கில் கோதாதேவி என்கிறார்கள். சென்னையில் தெலுங்கு பேசும் வீடுகளிலும் இந்த வடிவம் கேட்கும். நல்வாக்கைத் தருபவள் என்று வடமொழி வழியில் பொருள் சொல்வதும் உண்டு. அது பக்தியில் பிறந்த அழகான விளக்கம், அதற்குரிய மதிப்போடு தனியாகக் குறித்துவையுங்கள். சொல் பிறந்த கதையாக அதை எழுதவேண்டாம். இரண்டு விளக்கங்கள் மோதினால் எந்த வடிவம் முந்திய நூலில் இருக்கிறது என்று பார்ப்பதே வழி.

பெயரைத் தாங்கியவர்களின் பட்டியலுக்கு ஆளுக்கு ஓர் அட்டை போடுங்கள். முழுப்பெயர், பிறந்த, இறந்த ஆண்டு, ஊர், செய்த வேலை, இந்தத் தகவல் கிடைத்த இடம் என்று ஐந்து வரி போதும். கதை மாந்தர்களையும் திரைப்படக் கதாபாத்திரங்களையும் இந்தக் கட்டில் சேர்க்காதீர்கள். கோதைநாயகி, கோதையம்மாள், பூங்கோதை போன்ற கூட்டுப் பெயர்களைத் தனிக் கட்டாக வைத்தால் எண்ணிக்கை குழம்பாது.

சென்னைக்காரர்களின் முதல் அட்டை வை.மு.கோதைநாயகி அம்மாளுக்குத்தான் போகவேண்டும். 1901இல் பிறந்து 1960இல் மறைந்தவர், திருவல்லிக்கேணியில் வாழ்ந்தவர். சிறு வயதிலேயே திருமணம் ஆகி, பள்ளிப் படிப்பே இல்லாமல் வளர்ந்தவர், நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். 'ஜகன்மோகினி' இதழைப் பல ஆண்டுகள் நடத்தினார். விடுதலைப் போரில் சிறை சென்றார். 'வை.மு.' என்பது வைத்தமாநிதி முடும்பை, புகுந்த வீட்டின் குடும்பப் பெயர். அதைத் தந்தை பெயரின் முன்னெழுத்து என்று நினைத்தால் தேடல் தவறான வீட்டு வாசலில் போய் நிற்கும். பழைய தமிழ்ப் பெண்களின் முன்னெழுத்தை விரிக்கும்போது ஊரா, தந்தையா, கணவர் வீடா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து இதழ்களையும் நாவல்களையும் தேட, தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தொடங்கலாம்.

கூட்டுப் பெயர்க் கட்டில், மருத்துவரும் தமிழக அமைச்சராக இருந்தவருமான பூங்கோதை ஆலடி அருணா வருவார். 'ஆலடி அருணா' அவர் தந்தையின் பெயர். அட்டையில் அதைத் தனி வரியில் பிரித்து எழுதுங்கள்.

பெயர் முடிவாகிவிட்டால், எழுத்துக்கூட்டல் மிச்சம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'த'வை எப்படி எழுதுவது என்பதை வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் தீர்த்துவிடுங்கள். தஞ்சாவூரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் முதலில் வரும் இரண்டு எழுத்துகளைப் போட்டால் தமிழ்நாட்டில் சரியாகப் படிப்பார்கள், வெளியே 'கோத்தை' என்று அழுத்திவிடலாம். தர்மபுரியின் முதல் இரண்டு எழுத்துகளைப் போட்டால் நாம் பேசும் மெல்லிய ஒலிக்கு நெருக்கமாக இருக்கும். இந்தப் பெயருக்கு இதுவே மேல். ஆனால் அந்த இரண்டாவது எழுத்தை விட்டுவிட்டால் கொடைக்கானலின் முதல் பாதி ஆகிவிடும், பிறகு பள்ளியில் பிள்ளையைக் 'கொடை' என்று கூப்பிடுவார்கள். பேச்சில் கடைசி ஐகாரம் குறுகிக் 'கோத' என்று ஒலிப்பது இயல்பு, அதற்காக எழுத்தை மாற்றவேண்டாம்.

பிறப்பு 21 நாளுக்குள் பதிவாகவேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள், பெயர் இல்லாமலும் பதிவு செய்யலாம். பெயரைச் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். எனவே தேடல் முடியும் முன் அவசரப்பட்டு ஒரு பெயரைக் கொடுக்கத் தேவையில்லை. பதிந்த பெயரை மனம்போல மாற்ற முடியாது, எழுத்துப்பிழையைத் திருத்துவதற்கும் விண்ணப்பமும் சான்றும் கேட்பார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இந்தச் சான்றிதழே ஆதாரம் என்பதால் ஓர் எழுத்துக்கூட கவனம் வேண்டும். சான்றிதழில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகும். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கொடுக்கும் படிவத்தில் இரண்டையும் நீங்களே தெளிவாக எழுதிக் கொடுங்கள், அங்கிருப்பவர் காதில் விழுந்ததை வைத்து எழுதும்படி விடாதீர்கள். சான்றிதழ் வந்ததும் வாசலைத் தாண்டும் முன் 'கோ' நெடிலாக இருக்கிறதா, கொம்பு இரட்டைச் சுழியா ஒற்றைச் சுழியா என்று பாருங்கள். ஒற்றைச் சுழி விழுந்திருந்தால் அது 'கொதை', அப்படி ஒரு பெயரே இல்லை.