மின்வாசிப்பானில் குவிந்த பிடிஎஃப்களை ஒழுங்கு செய்த கதை

மின்வாசிப்பான் கைக்கு வந்ததும் மின்னூல் சேமிப்பு கூடியது, படிப்பு குறைந்தது. பாதிக்கு மேல் பிடிஎஃப்தான். 6 அங்குலத் திரையில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும், பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் தள்ள வேண்டும், அரைப் பக்கத்திலேயே அலுத்துவிடும். பிடிஎஃப்பில் பக்க அமைப்பு மாறாது, இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானாக மடிந்துகொள்ளும், விஷயம் அவ்வளவுதான். அதனால் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் போன்ற தளங்களில் இபப்பாகக் கிடைப்பதைப் பிடிஎஃப்புக்குப் பதிலாக எடுத்துக்கொண்டேன். ஸ்கேன் செய்த நூல்களுக்கு கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஓரத்து வெற்றிடத்தை வெட்டி வரிகளைத் திரைக்கு ஏற்ப அடுக்கித் தரும். அச்சு மங்கலாக இருந்தால் மட்டும் சொதப்பும்.

சரி, உண்மையில் பலன் தந்தது இன்னொன்று. மொத்தச் சேகரிப்பையும் கணினியில் காலிபர் என்ற மின்னூல் நிர்வாக மென்பொருளுக்கு மாற்றிவிட்டு, கருவியில் இப்போது படிப்பதையும் அடுத்துப் படிக்கப்போவதையும் மட்டும் விட்டேன். திறந்தால் பாதியில் நிறுத்திய பக்கம்தான் வருகிறது, மேய்வதற்கு வேறு எதுவும் இல்லை. பல மாதம் தள்ளிப்போட்ட பெரிய நாவல்கள்கூட இப்படித்தான் முடிந்தன.

அகராதி, படங்கள் நிறைந்தவை, பென்சில் குறிப்பு எழுதியவை எல்லாம் காகிதத்திலேயே இருக்கின்றன. விரலால் புரட்டித் தேடும் வேகம் கருவியில் எனக்கு இன்னும் வரவில்லை.