சக்கர நாற்காலியோடு காடு பார்க்க: ஊருக்குப் போகுமுன் செய்ய வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து இலங்கைக்குப் போகும்போது, நடக்க முடியாத அம்மாவைக் காடு பார்க்கக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று ஊரில் கேட்டால், "அதுக்கென்ன, நாலு பெடியள் இருக்கினம், தூக்கிவிடலாம்" என்றுதான் பதில் வரும். அந்த அன்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தூக்கப்படுபவருக்கு அது எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நாற்காலியோடு படியிறக்கும்போது அவருடைய விரல்கள் கைப்பிடியை இறுக்கியிருப்பதைப் பாருங்கள், தெரியும். ஆபத்தும் உண்டு: பல நாற்காலிகளின் கைதாங்கியும் கால்தாங்கியும் கழன்று வரக்கூடியவை. அவற்றைப் பிடித்துத் தூக்கினால் ஆள் விழுவார். எனவே தூக்காமல் போகக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். எங்கே போவது, எப்போது திரும்புவது என்பதையும் அவரே சொல்லட்டும்.

"சக்கர நாற்காலி போகுமா?" என்று தொலைபேசியில் கேட்பதால் பெரிய பயனில்லை. முன்கூட்டியே அங்கே போய்வரக்கூடிய ஒருவரிடம் ஒரு வீடியோ கேளுங்கள். வாகனம் நிற்கும் இடத்திலிருந்து வாசல், வாசலிலிருந்து முதல் மரநிழல் வரை, இடையில் நிறுத்தாமல் எடுத்ததாக இருக்கட்டும். மலசலகூடக் கதவையும் அளக்கச் சொல்லுங்கள். நாற்காலிகள் பெரும்பாலும் 60 முதல் 70 செ.மீ. அகலம். கதவு 80 செ.மீ. இருந்தால் விரல் நசுங்காமல் நுழையலாம். 15 செ.மீ. படி ஒன்றுக்கே 180 செ.மீ. நீளமான சாய்தளம் தேவை என்பதையும் நினைவில் வையுங்கள். குட்டையான பலகையைச் சாய்த்து வைத்தால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் இலங்கையில் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களின் அணுகல் வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அவற்றை நம்பி விசாரிக்காமல் போக முடியாது, ஆனால் வசதி கேட்கத் தயங்கவும் வேண்டியதில்லை.

முதல் தடவை என்றால் நான் பேராதனைத் தாவரவியல் பூங்காவைத்தான் சொல்வேன். அது காடல்ல என்பீர்கள். உண்மைதான், ஆனால் 1821இல் தொடங்கிய பூங்கா அது. ஏறத்தாழ 147 ஏக்கர், மகாவலி சுற்றி வளைந்தோட, ஓங்கி வளர்ந்த மரங்களின் நடுவே அகலமான பாதைகள். பெரும்பகுதி சமதரை. காலையில் திறந்த கையோடு போய்விடுங்கள், வெயிலும் கூட்டமும் குறைவு. உள்ளே ஏறிப்போக வண்டி கிடைக்குமா என்று வாசலிலேயே கேளுங்கள். பெரிய புல்வெளியில் நிற்கும் ஜாவா அத்தியின் கீழே போக ஆசை வரும். மழை பெய்த மண்ணில் முன்பக்கச் சின்னச் சக்கரங்கள் புதையும். அப்போது தள்ளாதீர்கள். நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரங்கள் முன்னே போகும்படி பின்பக்கமாக இழுத்துச் செல்லுங்கள். வேர்கள் புடைத்திருக்கும் இடத்துக்கு முன்பே நின்றுவிடலாம், நிழல் அங்கேயும் இருக்கும். தொங்கு பாலத்தை விட்டுவிடுங்கள்.

பார்வை குறைந்தவர்களுக்கும் இந்தப் பூங்கா நல்ல இடம். வாசனைத் திரவியத் தோட்டத்தில் கீழே உதிர்ந்த கறுவா இலையைக் கசக்கிக் கையில் கொடுங்கள். பிறகு கராம்பு, பிறகு சாதிக்காய். மரங்களில் தொங்கும் பழந்தின்னி வௌவால்களின் இரைச்சலைக் கேட்க, கண் தெரிய வேண்டியதில்லை.

உண்மையான காடுதான் வேண்டுமென்றால் வில்பத்து தேசியப் பூங்கா. அங்கே ஜீப்பில்தான் சுற்ற வேண்டும் என்பதால் நடக்க முடியாதவரும் நடப்பவரும் ஒரே காட்டைத்தான் பார்ப்பார்கள். சிக்கல் ஏறுவதில். பின் இருக்கைகள் உயரம், இரும்புப் படி செங்குத்து. சாரதிக்குப் பக்கத்து இருக்கை தாழ்வானது, அதை முன்பதிவின்போதே கேட்டு வையுங்கள். உள்ளே நினைத்த இடத்தில் இறங்க அனுமதியில்லை. ஆகவே மலசலகூடம் எங்கே, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தலாம் என்று பேசிவிட்டு ஏறுங்கள். முழு நாள் வேண்டாம், அரை நாள் போதும். குலுக்கல் முதுகை வாட்டும், நல்ல மெத்தை ஒன்று கட்டாயம்.

ஹோட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்குப் போகும் நடைபாதை கல்லும் குழியும் நிறைந்தது, நாற்காலிக்கு ஆகாது. ஆனால் பட்டிப்பொலவிலிருந்து ஏறிவரும் வீதியே சமவெளிக்குள் போகிறது. வாகனத்தில் இருந்தபடியே புல்வெளியும் மேயும் மரைகளும் பார்க்கலாம். 2,000 மீற்றருக்கு மேல் என்பதால் குளிருடுப்பு தேவை. சிங்கராஜ வனத்தை இந்தப் பட்டியலில் நான் சேர்ப்பதில்லை. வழுக்கும் பாதை, அட்டை. காலில் உணர்ச்சி இல்லாதவருக்கு அட்டை கடிப்பது தெரியாது. ஈரமான எந்தக் காட்டுக்குப் போய்வந்தாலும் சப்பாத்தைக் கழற்றிப் பாதங்களை நீங்களே பாருங்கள்.

ஆடி, ஆவணி விடுமுறையில் வடக்கும் கிழக்கும் காய்ந்திருக்கும், தென்மேற்கில் மழை. மார்கழியில் வன்னிப் பக்கத்து மண்பாதைகள் சேறாகும்.

மின்சார நாற்காலி கொண்டுபோவதானால் விமான நிறுவனத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே அறிவியுங்கள். கழற்றக்கூடிய லிதியம் அயன் பற்றரி ஒன்று என்றால் 300 வாட்-மணி, இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வாட்-மணி வரைதான் அனுமதி. ஊரில் மின்சாரம் 230 வோல்ட். கனடாவிலிருந்து போவோர் சார்ஜர் அதற்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். தரைப்பயணத்துக்கு ஊரில் 'கேடிஎச்' என்று சொல்லும், உயரக் கூரையுள்ள டொயோட்டா வான் வசதி. மடக்கக்கூடிய சாய்தளம் உங்களிடம் இருந்தால் கொண்டுபோங்கள்.

வன்னியில் வீதியோரக் காடு எவ்வளவு அழைத்தாலும் வீதியை விட்டு உள்ளே இறங்காதீர்கள், சிறுநீர் கழிப்பதற்குக்கூட. கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உண்டு. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை விழுந்தும் கிடக்கலாம். நெருஞ்சி முள்ளும் அங்கே தாராளம். காற்றடைத்த ரயர் என்றால் மாற்று ரியூப் ஒன்றும் பம்பும் பையில் இருக்கட்டும்.