பிரைட்டனில் மணலைத் தேடாதீர்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மா லண்டனுக்கு வந்தால் ஒரு சனிக்கிழமை பிரைட்டனுக்குக் கூட்டிப் போவது இங்கே பல தமிழ்க் குடும்பங்களில் வழக்கம். விக்டோரியாவில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். போய்க் கடலைப் பார்ப்பார்கள், சிப்ஸ் சாப்பிடுவார்கள், நாலு படம் எடுத்துக்கொண்டு மாலை ரயிலில் திரும்புவார்கள். "என்ன பீச் இது, எல்லாம் கல்லு" என்று சொல்லும்போது எனக்கு மனசு கேட்காது. அந்த ஊரில் நம்மவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது கடல் மட்டும் இல்லை. அதைத் தவறவிட்டுத் திரும்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

முதலில் அந்தக் கல் விஷயம். மெரினாவை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். கரை முழுவதும் கூழாங்கல். நன்றாக வற்றும் நேரத்தில் மட்டும் தண்ணீர் ஓரமாகக் கொஞ்சம் மணல் தெரியும். வெறுங்காலில் பத்தடி நடப்பதே சிரமம், சாதாரண ரப்பர் செருப்பும் வழுக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கல்லில் இறக்கிவிடாமல், மேலே இருக்கும் நடைபாதையிலேயே பெஞ்சில் உட்கார வையுங்கள். அங்கிருந்தே கடல் நன்றாகத் தெரியும்.

அதைவிட முக்கியமான ஒன்று. நம் ஊர்ப் பழக்கத்தில் புடவையை, பேண்டைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு 'கால் மட்டும் நனைக்கலாம்' என்று இறங்குவோம். இங்கே கரை சட்டென்று சரிகிறது. நாலைந்து எட்டு வைப்பதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிடும். அலை கரையிலேயே உடைந்து திரும்பும்போது காலுக்குக் கீழே உள்ள கல்லையும் சேர்த்து இழுக்கும். ஆகஸ்டில்கூடத் தண்ணீர் 17, 18 டிகிரிதான். நீந்தத் தெரிந்தவர்களும் அந்தக் குளிரில் மூச்சு முட்டித் திணறுவது உண்டு. கோடையில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் நட்டிருக்கும் இடத்துக்கு நடுவில்தான் உயிர்காப்பாளர்கள் கவனித்துக்கொண்டிருப்பார்கள். குழந்தைகளோடு இறங்குவதென்றால் அங்கே மட்டும் இறங்குங்கள்.

சரி, மணலும் இல்லை, தண்ணீரும் குளிர். பிறகு ஏன் இந்த ஊர் இவ்வளவு பெரிய உல்லாச நகரமானது? மருந்துக்காக. 1750இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் சுரப்பி நோய்களுக்குக் கடல்நீர் நல்லது என்று ஒரு நூல் எழுதினார். குளிக்க மட்டும் இல்லை, குடிக்கவும் சொன்னார். பிரைட்ஹெல்ம்ஸ்டன் என்ற மீனவர் ஊருக்கு நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். 1783இல் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் நான்காம் ஜார்ஜ், வந்தார். அவர் பின்னால் பணக்காரர்கள் வந்தார்கள். 1841இல் லண்டனிலிருந்து ரயில் பாதை வந்ததும் சாதாரண மக்களும் வந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு கடலோரம் வரிசையாக நிற்கும் பழைய வெள்ளை வீடுகளைப் பாருங்கள். ஊர் வேறு மாதிரி தெரியும்.

அந்த இளவரசர் கட்டிய ராயல் பெவிலியனை வெளியிலிருந்து படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு. "தாஜ் மஹால் மாதிரி இருக்கு", அவ்வளவுதான். வெளியே குமிழ்க் கோபுரங்கள் இந்தியப் பாணி. உள்ளே போனால் முழுக்கச் சீனக் கனவு. விருந்து மண்டபத்தின் கூரையிலிருந்து ஒரு டிராகன் பிடித்திருக்கும் சரவிளக்கு மட்டும் சுமார் ஒரு டன் எடை. டிக்கெட் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் வேறு எதையாவது குறைத்துக்கொண்டு இதற்குள் போங்கள்.

போவதற்கு விளக்கை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. முதல் உலகப் போரில் பிரான்சில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு 1914 டிசம்பர் முதல் 1916 ஜனவரி வரை இந்த அரண்மனைதான் ஆஸ்பத்திரி. பக்கத்துக் கட்டடங்களையும் சேர்த்து 700க்கும் மேற்பட்ட படுக்கைகள். சாதி, மதப் பழக்கம் பார்த்துச் சமைக்க ஒன்பது சமையற்கூடங்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். மன்னரே தன் அரண்மனையை விட்டுக்கொடுத்தார் என்று அப்போது ஒரு பேச்சு பரவியது, இன்றும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் விக்டோரியா ராணி 1850லேயே அதை நகருக்கு விற்றுவிட்டார். தோட்டத்தின் தெற்கு வாசலில் குமிழ் வைத்த ஒரு நுழைவாயில் நிற்கிறது. சிப்பாய்களைக் கவனித்துக்கொண்டதற்கு நன்றியாக இந்தியாவிலிருந்து வந்த பரிசு அது. 1921இல் பாட்டியாலா மகாராஜா திறந்துவைத்தார். தினமும் எத்தனையோ பேர் அது என்னவென்று தெரியாமலே அதற்குள் புகுந்து போகிறார்கள்.

இன்னொருவரையும் தேடிப் பாருங்கள். பாட்னாவில் பிறந்த சேக் டீன் முகமது. 1821இல் இந்தக் கடலோரத்தில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் சேர்ந்த குளியலகத்தைத் திறந்தார், இரண்டு மன்னர்களுக்கு இந்தச் சிகிச்சை செய்தார். அதை அவர் 'ஷாம்பூயிங்' என்று அழைத்தார். இந்தியில் பிடித்துவிடுவதைக் குறிக்கும் 'சாம்போ' என்ற சொல்லிலிருந்து வந்தது. இன்று தலைக்குத் தேய்க்கும் ஷாம்பூவுக்கும் மூலம் அதுதான். அவர் கல்லறை செயின்ட் நிக்கலஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது.

பயணத்தைப் பொறுத்தவரை, வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை காரில் போகாதீர்கள். நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். ரயிலுக்கும் முதல் நாளே பார்த்துவிடுங்கள், வார இறுதிகளில் பாதைப் பராமரிப்பு என்று பாதி வழியில் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றிவிடுவது உண்டு. மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து போனால் நெரிசல் இல்லாத நேரத்துக்கு 'குரூப்சேவ்' தள்ளுபடி, மூன்றில் ஒரு பங்கு குறையும். கேட்டு வாங்குங்கள். அப்புறம், 'லேன்ஸ்' வேறு, 'நார்த் லேன்' வேறு. முதலாவது நகைக் கடைகள் நிறைந்த பழைய சந்துகள், மற்றது ரயில் நிலையத்துக்கும் அதற்கும் நடுவில் உள்ள கடைத்தெருக்கள். 'லேன்ஸில் சந்திப்போம்' என்று சொல்லிப் பிரிந்த குடும்பம் ஆளுக்கொரு பக்கம் நிற்கும். சிப்ஸைத் திறந்து பிடித்தபடி நடக்காதீர்கள். கடற்காகம் பின்னாலிருந்து வந்து கொத்திக்கொண்டு போகும், குழந்தைகள் பயந்துவிடுவார்கள்.

கோடையில் மட்டும்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. குளிர்காலத்தில் சாயங்காலம் நாலு மணிக்குள் இருட்டத் தொடங்கும். அந்த நேரத்தில் ஆயிரக்கணக்கான மைனாக்கள், நம் ஊர் மைனா இல்லை, அதன் உறவான 'ஸ்டார்லிங்', கூட்டமாகக் கடலுக்குள் நீளும் 'பியர்' என்ற பாலத்தின் மேல் சுழன்று சுழன்று அடங்கும். நெருப்பில் எரிந்து இரும்புக்கூடாக நிற்கும் பழைய மேற்குப் பாலத்தின் ('வெஸ்ட் பியர்') பின்னணியில் அதைப் பார்ப்பதற்காகவே நான் ஜனவரியில் போகச் சொல்வேன். 1883இலிருந்து ஓடும் வோக் மின்சார ரயிலில் ஏற ஆசையென்றால் மட்டும் வசந்தம் வரை காத்திருங்கள், குளிர்காலத்தில் அது ஓடாது.

செவன் சிஸ்டர்ஸ் சுண்ணாம்புப் பாறைகளையும் அதே நாளில் பார்க்க முயல வேண்டாம். தனி நாள் வையுங்கள். அங்கே விளிம்பில் நின்று படம் எடுக்கவே கூடாது. கீழே அலை அரித்துக் குடைந்திருக்கும், மேலே நிற்பவருக்கு அது தெரியாது. முன்னறிவிப்பே இல்லாமல் பாறை சரியும்.

நேரம் மிச்சமிருந்தால் 'சத்ரி' என்ற நினைவு மண்டபத்துக்குப் போங்கள். பேட்சம் வரை பஸ், அங்கிருந்து மேட்டில் நடை. வண்டி போகாது. பிரைட்டன் ஆஸ்பத்திரிகளில் இறந்த 53 இந்து, சீக்கியச் சிப்பாய்களைத் தகனம் செய்த இடத்தில் ஒரு வெள்ளைப் பளிங்கு மண்டபம், அருகே அவர்கள் பெயர்கள் பொறித்த சுவர். ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அஞ்சலி செலுத்தக் கூடுவார்கள். மற்ற நாட்களில் புல்வெளியும் காற்றும்தான். மேலே கடை எதுவும் கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள்.