கசப்புக்கு மேக்னம், மணத்துக்குக் காஸ்கேட்

வீட்டில் அமெரிக்க பேல் ஏல் பீர் காய்ச்சுபவர்கள், 60 நிமிடம் கொதிக்கப்போகும் முதல் தவணையில் காஸ்கேட் ஹாப்ஸை (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ வகை) போட வேண்டாம். அங்கே ஜெர்மனியின் மேக்னம் ஹாப்ஸ் போதும். காஸ்கேடைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கும், நொதித்தபின் ஊறவைப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கசப்பைத் தருவது ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலம். அது கசப்பாக மாற நீண்ட கொதி வேண்டும். காஸ்கேடின் சாத்துக்குடி, பூ வாசனையைத் தரும் எண்ணெய்களோ அதே கொதியில் ஆவியோடு போய்விடும். விலை கொடுத்து வாங்கிய வாசனை சமையலறையில் பரவி என்ன பயன்? பாக்கெட்டில் ஆல்ஃபா அமில அளவு மேக்னமுக்கு 12 சதவீதம், காஸ்கேடுக்கு 6 சதவீதம் என்றிருந்தால், 30 கிராம் காஸ்கேட் தரும் கசப்பை 15 கிராம் மேக்னம் தந்துவிடும். சக்கை குறைவதால் அது உறிஞ்சி வீணாக்கும் மால்ட் (முளைகட்டிய தானியம்) சாறும் குறைகிறது. அறுவடைக்கு அறுவடை இந்தச் சதவீதம் மாறும். ஒவ்வொரு முறையும் பாக்கெட்டைப் பார்த்தே அளவிடுங்கள்.

செக் பில்ஸ்னர் பீருக்கு மட்டும் இது ஒத்துவராது. முதல் தவணையிலிருந்தே சாட்ஸ் ஹாப்ஸ் கொதிப்பதில்தான் அதன் மென்மையான கசப்பு இருக்கிறது. அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.