வட்டார ரக்பி அணி ஏன் எழுந்தது, ஏன் விழுந்தது: ஆவணங்களை வைத்துக் கண்டறியும் முறை

தொழில்முறை ரக்பி அணி ஒன்று ஏன் மூடப்பட்டது என்று தேடுகிறவர்கள் முதலில் புள்ளிப் பட்டியலைத்தான் எடுக்கிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வேல்ஸின் செல்டிக் வாரியர்ஸ் ஆடியது 2003–04 என்ற ஒரே பருவம். வேல்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து அணிகள் பன்னிரண்டு ஆடிய செல்டிக் லீக்கில் நான்காம் இடம் பிடித்தது. 2004 ஜனவரியில் ஐரோப்பிய கிளப்புகளின் முதன்மைப் போட்டியான ஹைனெக்கன் கோப்பை ஆட்டத்தில், இங்கிலாந்தின் லண்டன் வாஸ்ப்ஸை அவர்களுடைய சொந்த மைதானத்திலேயே வீழ்த்தியது. அந்த வாஸ்ப்ஸ்தான் மே மாதம் கோப்பையைத் தூக்கியது. ஜூன் பிறந்தபோது வாரியர்ஸை மூடும் முடிவு வந்துவிட்டது.

ஆகவே முதலில் பங்குதாரர் பட்டியலை எடுங்கள், ஆட்ட முடிவுகள் பிறகு வரட்டும். கீழே சொல்லும் முறை வாரியர்ஸை முதன்மை உதாரணமாக வைத்துப் போகிறது. வேறு எந்த வட்டார அணிக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. அணி பிறந்த காரணத்தை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்

ரக்பி யூனியன் தொழில்முறை ஆட்டமானது 1995 ஆகஸ்டில். அதன்பின் வேல்ஸில் ஒன்பது கிளப்புகள் சம்பளம் கொடுத்து ஆடிக்கொண்டிருந்தன. மில்லேனியம் ஸ்டேடியம் கட்டிய கடனும் வேல்ஸ் ரக்பி ஒன்றியத்தின் தலையில் இருந்தது. ஒன்பது அணிகளைத் தாங்க முடியாது என்று அதன் தலைமை நிர்வாகி டேவிட் மோஃபெட் காலத்தில் 2003இல் ஐந்து அணிகளாகச் சுருக்கினார்கள். லனெல்லியும் கார்டிஃபும் தனித்து நின்றன. நீத்தும் ஸ்வான்சீயும் ஆஸ்ப்ரேஸ் என்று சேர்ந்தன. நியூபோர்ட்டை மையமாக வைத்து க்வெண்ட் பகுதிக்கு ட்ராகன்ஸ் என்ற அணி. பாண்டிப்ரித், பிரிட்ஜெண்ட் இரண்டும் இணைந்தது வாரியர்ஸ்.

இங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: அணியை உருவாக்கியது வட்டாரத்து மக்களின் விருப்பமா, செலவுக் குறைப்பா? செலவைக் குறைக்கப் பிறந்த அணி, அடுத்த செலவுக் குறைப்பில் மறுபடியும் மேசைக்கு வரும். ஐந்து அணிக்குப் பணம் போதுமா என்ற விவாதம் முதல் பருவத்திலேயே எழுந்தது.

2. பங்கு கைமாறிய வரலாற்றைத் தேதி வாரியாக அடுக்குங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். மூன்று பத்தி உள்ள அட்டவணை போதும்: தேதி, பங்கு யாரிடமிருந்து யாருக்குப் போனது, எவ்வளவு பணத்துக்கு.

வாரியர்ஸுக்கு அப்படி எழுதினால் கதை தானாகத் தெரியும். தொடக்கத்தில் பாதிப் பங்கு பாண்டிப்ரித்திடம், பாதி பிரிட்ஜெண்டின் உரிமையாளர் லெய்ட்டன் சாமுவேலிடம். பாண்டிப்ரித் பண நெருக்கடியில் விழுந்தபோது அதன் பாதி சாமுவேல் கைக்கு வந்தது. அவர் அதை ஒன்றியத்திடம் கொடுத்துவிட்டார். பிறகு தன் பாதியையும் 12.5 லட்சம் பவுண்டுக்கு ஒன்றியத்துக்கே விற்றார். முழு அணியும் கைக்கு வந்ததும் ஒன்றியம் அதை மூடியது.

பணம் எங்கிருந்து வந்தது என்ற பத்தியை விட்டுவிடாதீர்கள். மீதமிருந்த நான்கு வட்டார அணிகளும் ஆளுக்கு 3,12,500 பவுண்டு போட்டன. நான்கால் பெருக்கிப் பாருங்கள், 12,50,000. விற்ற விலையும் அதுவே. ஒரு போட்டி அணி போனால் ஒன்றியத்தின் பணம் ஐந்துக்குப் பதில் நான்காகப் பிரியும், நல்ல ஆட்டக்காரர்களும் பகிர்ந்துகொள்ளக் கிடைப்பார்கள். மற்ற அணிகள் ஏன் காசு கொடுத்தன என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

இதே கணக்கை ஆஸ்திரேலியாவில் போட்டுப் பார்க்கலாம். 2017இல், தென் கோளத்து நாடுகளின் அணிகள் ஆடும் சூப்பர் ரக்பி போட்டியை 18 அணியிலிருந்து 15 ஆகக் குறைத்தபோது ஆஸ்திரேலியா ஓர் அணியை விட வேண்டியிருந்தது. பேச்சில் இருந்தவை பெர்த்தின் வெஸ்டர்ன் ஃபோர்ஸ், மெல்பர்ன் ரெபெல்ஸ். ஃபோர்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே நெருக்கடியில் தன் உரிமத்தைத் தேசிய ஒன்றியத்திடம் கொடுத்திருந்தது. ரெபெல்ஸ் தனியார் கையில் இருந்தது. வெட்டு விழுந்தது ஃபோர்ஸ் மீது. ஸ்காட்லாந்தின் பார்டர் ரீவர்ஸும் ஒன்றியத்தின் சொந்த அணிதான். 2002இல் மறுபடி தொடங்கி 2007இல் மூடினார்கள்.

ஒன்றியத்திடம் பங்கு போவதை ஊடகங்கள் பெரும்பாலும் 'மீட்பு' என்று எழுதும். சில சமயம் அது உண்மையும்கூட: 2017இல் ட்ராகன்ஸை வேல்ஸ் ஒன்றியம் எடுத்துக்கொண்டது, அணி இன்றும் ஆடுகிறது. ஆனாலும் உங்கள் அட்டவணையில் அந்த வரியைச் சிவப்பில் குறியுங்கள். அன்றிலிருந்து அணியை மூட வேறு யாருடைய கையெழுத்தும் தேவைப்படாது.

3. வரவு செலவைக் கணக்கிடுங்கள்

பிரிட்டன் அணி என்றால் அரசின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் ஆண்டுக் கணக்கு இலவசமாகக் கிடைக்கும். நான்கு இடங்களைப் பாருங்கள்.

- தணிக்கையாளர் குறிப்பு: நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் ஐயம் இருந்தால் அங்கே எழுதியிருப்பார்.
- இயக்குநர் கொடுத்த கடன்: ஆண்டுக்கு ஆண்டு ஏறினால் அணி ஒருவருடைய பையில் வாழ்கிறது என்று பொருள்.
- அடமானப் பதிவு: மைதானமோ வருங்கால வரவோ யாரிடம் ஈடாக இருக்கிறது என்று தெரியும்.
- தாக்கல் தேதி: தனியார் நிறுவனம் கணக்காண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் தர வேண்டும். தாமதமும், கணக்காண்டு முடிவுத் தேதியை அடிக்கடி மாற்றுவதும் நல்ல அறிகுறி அல்ல.

சிறிய நிறுவனங்கள் லாப நட்டப் பக்கத்தைக் கொடுக்காமலே தாக்கல் செய்யலாம். அப்போது இரண்டு ஆண்டு இருப்புநிலைக் குறிப்புகளை ஒப்பிட்டு, நிகர மதிப்பு எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். புதுப் பங்கு எதுவும் வெளியிடாத ஆண்டு என்றால், அந்தக் குறைவே ஏறக்குறைய அந்த ஆண்டின் நட்டம்.

கணக்கே கிடைக்காத பழைய அணிக்கு வாசல் வசூலை மதிப்பிடலாம். 12 அணி லீக்கில் சொந்த மைதானத்தில் 11 ஆட்டம். நான்கு அணி கொண்ட ஐரோப்பியக் குழுவில் 3 ஆட்டம். மொத்தம் 14. எடுத்துக்காட்டுக்குச் சராசரி 5,000 பேர், செலவு போகத் தலைக்கு 10 பவுண்டு என்று வைத்தால் 7 லட்சம் பவுண்டு வரும். 35 ஆட்டக்காரர்களுக்குச் சராசரி 60,000 பவுண்டு சம்பளம் என்றால் 21 லட்சம். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வாசல் தாங்குகிறது. பயணம், பயிற்சியாளர், மருத்துவம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. மீதியைத் தருவது ஒன்றியம், ஒளிபரப்பு, விளம்பரதாரர், உரிமையாளர். இவர்களில் யார் விலகினால் அணி விழும் என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் படியின் நோக்கம். இந்த எண்கள் மாதிரிக்குத்தான். உங்கள் அணிக்கு உரியதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

4. மைதானமும் கூட்டமும்

கூட்டத்தின் எண்ணிக்கையை முழுப் பருவச் சராசரியாக எடுக்காதீர்கள். 2003 அக்டோபர் 10 முதல் நவம்பர் 22 வரை உலகக் கோப்பை நடந்தது. வேல்ஸ் ஆட்டக்காரர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள். புதிய அணி தன் ரசிகர்களைச் சேர்க்க வேண்டிய அதே வாரங்களில் அதன் பெரிய முகங்கள் ஊரில் இல்லை. உலகக் கோப்பைக்கு முன், நடுவில், பின் என்று மூன்றாகப் பிரித்துச் சராசரி எடுங்கள். அப்போதுதான் அணியின் உண்மையான ஈர்ப்பு தெரியும்.

அடுத்து, வட்டாரம் ஒன்றுபட்டதா? பாண்டிப்ரித்தின் சார்டிஸ் ரோடும் பிரிட்ஜெண்டின் ப்ரூவரி ஃபீல்டும் பல தலைமுறைப் போட்டி கண்ட மைதானங்கள். பிரிட்ஜெண்ட் 2002–03இன் வேல்ஸ் சாம்பியன். பாண்டிப்ரித் 2002இல் வேல்ஸ் கோப்பையை வென்று, அதே ஆண்டு ஐரோப்பியப் போட்டி ஒன்றின் இறுதியாட்டம் வரை போனது. வலுவான இரண்டு கிளப்புகளைச் சேர்த்து, இரண்டு ஊர்ப் பெயரும் இல்லாத ஒரு பெயரைச் சூட்டினார்கள். எந்த ஊரில் எத்தனை ஆட்டம், எந்த ஊர் ரசிகர் மற்ற ஊருக்குப் போனார் என்று உள்ளூர் நாளிதழ்களின் பழைய இதழ்களில் தேடுங்கள். அணியின் சொந்த அறிக்கையில் இதெல்லாம் இருக்காது.

5. அடிக்கடி நேரும் பிழைகள்

தோல்வியைக் காரணமாக்குவது முதல் பிழை. வாரியர்ஸ் நான்காம் இடம். மெல்பர்ன் ரெபெல்ஸ் 2024 ஜனவரியில் நிர்வாகிகள் (கடனில் சிக்கிய நிறுவனத்தை நடத்தச் சட்டப்படி நியமிக்கப்படுபவர்கள்) கைக்குப் போனது, மே மாதம் மூடல் அறிவிப்பு வந்தது; அந்தப் பருவத்தில்தான் அது வரலாற்றில் முதன்முறையாகக் காலிறுதியை எட்டியது.

மூடலையும் நிர்வாகியிடம் போவதையும் ஒன்றாக எண்ணுவது இரண்டாவது. கார்டிஃப் 2025 ஏப்ரலில் நிர்வாகிகளிடம் போன உடனே ஒன்றியம் வாங்கிக்கொண்டது, ஆட்டம் நிற்கவில்லை. நிறுவனம் விழுவதும் அணி விழுவதும் இரண்டு தேதிகள், இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

மூடிய அணி திரும்பாது என்று முடிவுகட்டுவதும் தவறுதான். சுரங்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ ஃபாரஸ்ட் பணத்தில் உயிரோடிருந்த வெஸ்டர்ன் ஃபோர்ஸ் 2020இல் ஆஸ்திரேலிய உயர்நிலைப் போட்டிக்குத் திரும்பியது.

6. ஆட்டக்காரர்கள் எங்கே போனார்கள்

அணி மூடியதும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே புதிய அணியை எழுதுங்கள். கெதின் ஜென்கின்ஸ், ராபர்ட் சிடோலி கார்டிஃபுக்கு. ரயன் ஜோன்ஸ், ப்ரென்ட் காக்பெய்ன் ஆஸ்ப்ரேஸுக்கு. கெவின் மார்கன் ட்ராகன்ஸுக்கு. கேரத் தாமஸ் பிரான்சின் துலூஸுக்கு. ஹூக்கர் (முன்வரிசையின் நடுவில் ஆடுபவர்) மெஃபின் டேவிஸுக்கு முழுநேர ஒப்பந்தம் எதுவும் கிடைக்கவில்லை. பகுதிநேர அணியான நீத்துக்கு ஆடினார்.

பிறகு அடுத்த தேசியப் பருவத்தைச் சரிபாருங்கள். 2005 மார்ச் 19 அன்று அயர்லாந்தை 32–20 என்று வென்று வேல்ஸ் கிராண்ட் ஸ்லாம் முடித்தது, அதாவது ஆறு நாடுகள் போட்டியின் எல்லா ஆட்டத்தையும் வென்றது. அன்றைய வேல்ஸின் இரண்டு ட்ரைகளும் (எதிரணி எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் புள்ளி) முன்னாள் வாரியர்ஸ் போட்டவை: ஜென்கின்ஸ் ஒன்று, மார்கன் ஒன்று. டேவிஸ்தான் ஹூக்கர். ஆட்டத்தரம் இல்லாததால் அணி மூடியது என்று யாராவது சொன்னால் இந்த ஒரு ஆட்டத்தின் பட்டியலைக் காட்டினால் போதும்.

கடைசியாக, கிளப்பையும் வட்டார அணியையும் தனித்தனி வரியில் வையுங்கள். பாண்டிப்ரித், பிரிட்ஜெண்ட் கிளப்புகள் 2004க்குப் பிறகும் பகுதிநேர லீக்கில் ஆடின. அவற்றின் வெற்றி தோல்விகளை வாரியர்ஸின் ஒரு பருவக் கணக்கோடு கலக்கக் கூடாது.