சுடிதார் டாப்புக்கு சைஸ் சார்ட் போடுவது எப்படி?

டாப்பை மேசையில் விரித்து, சுருக்கத்தை நீவிவிட்டு, ஒரு அக்குள் தையலில் இருந்து மறு அக்குள் தையல் வரை இன்ச் டேப்பை வையுங்கள். 20 இன்ச் வந்தால் மார்புச் சுற்றளவு 40. துணியை இழுக்காதீர்கள். இடுப்பும் சீட்டும் (பின்பக்கம் அகலமாக இருக்கும் இடம்) இதே மாதிரிதான். தோளுக்கு மட்டும் தையலுக்குத் தையல் அளந்தால் போதும், இரண்டால் பெருக்க வேண்டாம்.

அப்புறம், 40 என்பது துணியின் அளவா உடம்பின் அளவா என்று சார்ட்டிலேயே எழுதிவிடுங்கள். நான் ஆரம்பத்தில் எழுதாமல் விட்டு, விற்ற டாப்புகள் திரும்பி வந்ததுதான் மிச்சம். தைத்த டாப் 40 என்றால் அது 38 இன்ச் உடம்புக்குத்தான் சரி, கையைத் தூக்க, மூச்சுவிட 2 இன்ச்சாவது லூஸ் வேண்டாமா? காட்டன் என்றால் ஒரு பீஸைத் துவைத்துக் காயவைத்து, மறுபடி அளந்து, அந்த அளவைப் போடுங்கள்.