காசிமேட்டு மீன், எண்ணூர் நண்டு: சிற்றினத்தை அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேட்டில் வெள்ளை வவ்வாலும் கருப்பு வவ்வாலும் அடுத்தடுத்த கூடையில் இருக்கும். ஒரே மீன், இரண்டு நிறம் என்று மாணவர்கள் ப்ராஜெக்ட் நோட்டில் எழுதிவிடுகிறார்கள். கருப்பு வவ்வால் பாரைக் குடும்பத்து மீன். வெள்ளை வவ்வாலின் குடும்பமே வேறு. சந்தைப் பெயர் விலை பேசத்தான் உதவும், உறவைச் சொல்லாது.

நிறத்தை நம்புவது இதைவிடப் பெரிய தவறு. எண்ணூர், பழவேற்காடு கழிமுகங்களில் கிடைக்கும் சேற்று நண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நெடுங்காலம் எல்லாவற்றையும் சில்லா செராட்டா என்ற ஒரே பெயரில் எழுதிவந்தார்கள். 1998இல் வெளியான மறு ஆய்வு சில்லா பேரினத்தை நான்கு சிற்றினங்களாகப் பிரித்தது. (அவற்றில் ஒன்று தரங்கம்பாடியின் பெயரைத் தாங்கியது, 1798இலேயே சூட்டிய பெயர்.) சேற்றுக்கும் தண்ணீருக்கும் ஏற்ப ஓட்டின் நிறம் மாறும். அதனால் முள்ளைப் பாருங்கள். கொடுக்குக்கு அடுத்து உடல் பக்கமாக இருக்கும் கணுவின் வெளிப்பக்கத்தில் இரண்டு கூர்முள், கண்களுக்கு இடையே ஓட்டின் விளிம்பில் உயர்ந்த பற்கள் இருந்தால் செராட்டா. வெளிப்பக்கத்தில் ஒரு சிறு முள் மட்டும், அல்லது அதுவும் இல்லாமல், பற்கள் தாழ்ந்து மழுங்கியிருந்தால் அந்த நான்கில் இன்னொன்றான ஒலிவேசியா. ஒற்றை நண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆண், பெண், சிறிது, பெரிது எனப் பலவற்றைப் பார்த்தால்தான் வயதால் வரும் வேறுபாடு தனியே தெரியும்.

‘எண்ணூரில் கடல் சேரும் கொசஸ்தலையாற்று நண்டும் பழவேற்காட்டு நண்டும் தனித்தனி இடத்தில் வாழ்கின்றன, ஆகவே பிரிந்துகொண்டிருக்கின்றன’ என்பது அடுத்த அவசரம். சினை நண்டு கடலுக்குப் போய்த்தான் முட்டை பொரிக்கிறது. குஞ்சுகள் ஏறக்குறைய ஒரு மாதம் நீரோட்டத்தில் மிதந்த பிறகே கழிமுகம் சேர்கின்றன. இரண்டு இடத்து மரபணுக்களும் கலந்துகொண்டே இருக்கும்போது தூரம் மட்டும் தடை ஆகாது. முகத்துவாரத்தில் சில மாதம் மணல் அடைத்தாலும் போதாது. பனாமா நிலப்பாலம் ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரு கடல்களை முழுதாகப் பிரித்தது. இரு கரையிலும் உள்ள சொடுக்கு இறால்களை ஆய்வகத்தில் ஒன்றாக விட்டுப் பார்த்தபோது சந்ததி மிக அரிதாகவே கிடைத்தது. இடம் பிரிவதால் சிற்றினம் பிரிய வேண்டுமென்றால் இத்தகைய தடை வேண்டும். பிரிவது இனக்கூட்டம், தனி உயிர் எதுவும் தன் வாழ்நாளில் வேறு சிற்றினமாக மாறுவதில்லை.

எப்போதும் லட்சக்கணக்கான ஆண்டு ஆகும் என்றும் எழுதாதீர்கள். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போன ட்ராகோபோகன் செடிகள் அங்கே கலந்து, குரோமோசோம் இரட்டித்து, 20ஆம் நூற்றாண்டிலேயே இரண்டு புதிய சிற்றினங்களைத் தந்தன.

சிற்றினத்துக்கு உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் தந்த வரையறை, இயற்கையில் தமக்குள் இனப்பெருக்கம் செய்து, பிற கூட்டங்களிலிருந்து இனப்பெருக்கத்தில் விலகி நிற்கும் கூட்டம் என்பது. ‘இயற்கையில்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் மிருகக்காட்சிசாலையில் பிறந்த சிங்கம்-புலிக் கலப்பை வைத்து இரண்டும் ஒன்று என்று சொல்ல நேரும். பாலினப்பெருக்கம் இல்லாத பாக்டீரியாவுக்கும் புதைபடிவங்களுக்கும் இந்த வரையறையைப் பொருத்தவே முடியாது. அங்கே உருவ அமைப்பும் பரிணாமக் கிளையும்தான் கைகொடுக்கும்.

டிஎன்ஏ பார்கோடு, அதாவது ஒரு குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டைப் படித்துச் சிற்றினத்தைக் கண்டறியும் முறை, பார்த்தால் தீர்ந்தது என்பதும் சரியில்லை. விலங்குகளில் அதற்குப் படிக்கும் சுமார் 650 எழுத்து நீளத் துண்டு மைட்டோகாண்ட்ரியாவில் உள்ளது, தாய்வழி வருவது. கலப்பினத்தைச் சோதித்தால் தாயின் பெயர் மட்டுமே வரும், தகப்பன் மறைந்துவிடும். உட்கரு மரபணுவையும் சேர்த்துப் பாருங்கள். மாதிரியை ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ சிதையும். ஒரு காலின் தசையை 95 சதவீத ஆல்கஹாலில் வையுங்கள். ஆல்கஹாலில் நிறம் வெளுக்கும் என்பதால் முதலில் படம் எடுத்துவிடுங்கள். பிடித்த இடம், தேதி எழுதிய லேபிள் பென்சிலில் இருக்கட்டும், பாட்டிலுக்குள்ளேயே கிடக்கட்டும். பேனா மை கரைந்துவிட்டால் எது எண்ணூர் நண்டு, எது பழவேற்காட்டு நண்டு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.